"ஸ்காலர்ஷிப்புக்கு உள்ளவங்க எந்திரிங்க": உங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்லுங்கள்

கணக்கு டீச்சர், வள்ளியூர் பக்கம்

பன்னிரண்டு வருஷமாக நான் ஒரே மாதிரிதான் செய்தேன். வகுப்பில் நின்று, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப்புக்கு உள்ளவங்க எந்திரிங்க" என்பேன், தலையை எண்ணிக்கொண்டு போய்விடுவேன். ஐந்து நிமிஷ வேலை. ஒரு வருஷம் எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை எந்திரிக்கவில்லை. "ஏம்மா, நீயும் உண்டுமே?" என்று கேட்டேன், அதுவும் எல்லார் முன்னாலும். அவள் ஜாமெட்ரி பாக்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மதியம், அவளோடு சாப்பிடும் இரண்டு பிள்ளைகளும் வேறு மரத்தடிக்குப் போய்விட்டார்கள். அந்த வாரமே அவள் அம்மா வந்தார். பீடிக் கடையில் சுற்றினதைக் கொடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறார், விரலில் புகையிலைத் தூள் அப்படியே இருந்தது. "அந்தத் துட்டு வேண்டாம் டீச்சர். அவ பள்ளிக்கூடத்துக்கே போமாட்டேங்கா."

எமிஸில், அதாவது பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவர இணையதளத்தில், எல்லா விவரமும் இருக்கிறது. யாரையும் எழுப்பிவிட வேண்டிய அவசியமே இல்லை, பழக்கம்தான். இப்போது நோட்டு திருத்திக் கொடுக்கும்போது எல்லார் நோட்டிலும் ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறேன். ஒருத்திக்கு வருமானச் சான்று, இன்னொருத்திக்கு பேங்க் புக், மற்றவர்களுக்கு வாய்ப்பாடு படி என்று.

பி.டி. சார், பாளையங்கோட்டை

2019ல் சாதியைக் காட்டும் கலர்க் கயிற்றைப் பிள்ளைகள் கையில் கட்டக்கூடாதென்று சுற்றறிக்கை வந்ததே, அப்போது கத்தரிக்கோலோடு கேட்டில் நின்றவன் நான். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி, கேட்டால் எல்லாமே "கோயில் கயிறு சார்". வெட்டி ஒரு வாரத்தில் அதே கலர் சைக்கிள் ஹேண்டில்பாரில் ஏறிவிட்டது. ஒருத்தனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். "கட்டலேன்னா பஸ்ல எங்க ஊர்ப் பயலுவ பக்கத்துல நிக்க விட மாட்டானுவ சார்" என்றான். நான் திமிர் என்று நினைத்த கயிறு அவனுக்கு பஸ் பாஸ்.

2023ல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்களே, அதற்கு அப்புறம் பள்ளிகளில் சாதிப் பிரச்சினையை ஒழிக்க வழி சொல்ல நீதிபதி சந்துரு குழு போட்டார்களே, 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கையில் பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொல்லியிருந்தது. செய்து பார்த்தோம். முதல் வாரமே மூன்று அப்பாமார் வந்துவிட்டார்கள். "அண்ணாச்சி, பையனுக்குக் கண்ணு சரியாத் தெரியல, இடம் மாத்திப் போடுங்க." மூன்று பேருக்கும் ஒரே வாரத்தில் பார்வை மங்கியிருக்கிறது! கண் டாக்டர் சீட்டு கொண்டு வரச் சொன்னேன். இன்னும் வரவில்லை.

தமிழ் ஐயா, அம்பாசமுத்திரம்

நான் கோபத்தில் செய்த தப்பு ஒன்றுமில்லை, இரக்கத்தில் செய்தது. ஊரில் வெட்டு நடந்து ஒரு வாரம் கழித்து ஒரு பையன் வந்தான், கண்ணால் பார்த்தவன். வகுப்பில் வைத்தே "என்னய்யா நடந்துச்சு, சொல்லு" என்றேன். பாதி சொன்னான். அப்புறம் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பத்து நாள் ஆளைக் காணோம்.

வீட்டுக்குப் போனேன். "காத்துல தகரக் கதவு அடிச்சாக்கூட எந்திரிச்சு உக்காந்துக்கிடுதான் சார்" என்றார் பாட்டி. பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417க்குப் போன் போட்டு ஆலோசகரிடம் பேச வைத்தேன். நடந்ததைப் பற்றி நானாக ஒரு வார்த்தையும் கேட்பதில்லை, "சாப்பிட்டியா" என்பதோடு சரி.

பி.டி. சார், அகரவரிசை நல்லதுதான். ஆனால் இவனை மட்டும் வாசலை ஒட்டிய பெஞ்சில் போட்டிருக்கிறேன். பாடம் நடக்கும்போதே சில நாள் எழுந்து வேப்பமரம் வரை நடந்துவிட்டு வருவான். நான் செய்யுளை நிறுத்துவதில்லை.