பாத்தி சிவப்பது பாக்டீரியாவால் இல்லை, எத்தனை தடவை சொல்வது?

வாலிநோக்கத்தான்: வைகாசியில் உப்பளப் பாத்தி ரோஸ்மில்க் நிறத்துக்கு வருவதற்கு 'ஹாலோபாக்டீரியம் என்ற பாக்டீரியா' காரணம் என்று நேற்று ஒருவர் எழுதி, லைக்கும் அள்ளியிருக்கிறார். ஐயா, அது பாக்டீரியாவே இல்லை. ஆர்க்கியா, பாக்டீரியா போலவே ஒற்றைச் செல், ஆனால் வேறு இனக்கூட்டம். 1977-லேயே வோஸ், ஃபாக்ஸ் என்ற ஆய்வாளர்கள் அந்தக் கூட்டத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

மண்டபம்சார்: அந்த ஒருவர் நான்தான். பெயரிலேயே பாக்டீரியம் இருக்கிறது. அப்புறம் என்ன?

வாலிநோக்கத்தான்: கடல்குதிரைக்கும் லாடம் அடிப்பீர்களோ? அதன் செல்சுவரில் பாக்டீரியாவின் சுவர்ப்பொருளான பெப்டிடோகிளைக்கான் கிடையாது, சவ்வுக் கொழுப்பில் பாக்டீரியாவின் எஸ்டர் பிணைப்புக்குப் பதில் ஈதர் பிணைப்பு. நல்ல தண்ணீரில் போட்டால் செல் உடைந்தே போகும். குடும்பம் ஹாலோபாக்டீரியேசி. அசல் பாக்டீரியாவான ஹாலோமோனடேசி வேறு வீடு. கடற்பசுவை மீன் என்று எழுதியவருக்கு இதெல்லாம் எங்கே புரியும்!

மண்டபம்சார்: அது எழுத்துப்பிழை. இரண்டு வருடமாக அதையே பிடித்துத் தொங்குகிறீர்கள். சரி, சாலினிபாக்டர் ரூபர்? 2002-இல் பெயர் வைத்தார்கள். சிவப்புதான், உப்பளத்தில்தான் வாழ்கிறது, அசல் பாக்டீரியா.

வாலிநோக்கத்தான்: பேச்சை மாற்றாதீர்கள். நான் கேட்டது ஹாலோபாக்டீரியம்.

தொண்டிக்கருவாடு: அண்ணே, என் கட்டாக் கருவாட்டில் செம்மை விழுந்திருக்கிறது. அது எந்தக் குடும்பம்?

வாலிநோக்கத்தான்: பெரும்பாலும் இதே கூட்டம்தான் தம்பி, உப்போடு வந்திருக்கும். ஆனால் பாக்டீரியா இல்லை.

பாம்பன்காற்று: பெயர் தப்பென்றால் மாற்றித் தொலைக்க வேண்டியதுதானே?

வாலிநோக்கத்தான்: முறைப்படி வெளியான பெயரைப் பொருள் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் மாற்ற விதி இடம் கொடுக்காது. 2015-இல் குப்தா என்பவரின் ஆய்வுக் குழு இந்தக் கூட்டத்தின் வகைப்பாட்டில் ஒரே வரிசையை (ஆர்டர்) மூன்றாக்கியது, மறு வருடம் குடும்பங்களையும் பிரித்தது. படித்துவிட்டு வாருங்கள்.

மண்டபம்சார்: படித்தேன். அவ்வளவு பிரித்தவர்களும் வரிசைகளுக்கு மேலே இருக்கும் வகுப்புக்கு (கிளாஸ்) 'ஹாலோபாக்டீரியா' என்ற பெயரைத்தான் விட்டுவைத்தார்கள். ஹாலோ, பாக்டீரியா. எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

வாலிநோக்கத்தான்: கடல்குதிரை!

மண்டபம்சார்: பாத்தியில் ஒரு நாள் உப்பு வாரியிருக்கிறீர்களா?

வாலிநோக்கத்தான்: எங்கள் அப்பா வாரினார், நான் பலகை பிடித்தேன். நீங்கள் ஏசி ரூமில் சாக்பீஸ் பிடித்தீர்கள்.

பாம்பன்காற்று: மண்டபத்தில் ஏசி வைத்த வகுப்பறையா? எங்கே?

தொண்டிக்கருவாடு: அண்ணே, கருவாட்டை விற்கலாமா கூடாதா?

வாலிநோக்கத்தான்: விற்காதே. ஆனால் யாராவது கேட்டால் பாக்டீரியா என்று மட்டும் சொல்லிவிடாதே.

மண்டபம்சார்: தம்பி, பாக்டீரியா என்றே சொல்.