புதுப்பிப்பு: மெமரியை விழுங்கிய பரிந்துரை மாடல்

போன வாரம் புலம்பியிருந்தேன் இல்லையா, பயனர் வரிசையாகப் பார்த்தவற்றை வைத்து அடுத்தது எது என்று கணிக்கும் என் சாஸ்ரெக் மாடல், பயிற்சி தொடங்கியதுமே ஜிபியு மெமரி போதாமல் நின்றுவிடுகிறது என்று. மாடலின் அடுக்குகளைக் குறைக்கச் சொன்னீர்கள். குறைத்தேன், பலனில்லை.

குற்றவாளி அந்த அடுக்குகளில் இருக்கும் அட்டென்ஷன் (வரிசையில் எது எதோடு தொடர்புடையது என்று பார்க்கும் பகுதி) இல்லை, லாஸ் (கணிப்பு எவ்வளவு தவறியது என்ற அளவு) கணக்கிடும் இடம். என்னிடம் 10 லட்சம் பொருட்கள். ஒரு பேட்ச்சில், அதாவது ஒரே தடவையில் மாடலுக்குக் கொடுக்கும் தொகுதியில், 128 வரிசைகள், ஒவ்வொன்றிலும் 200 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் எல்லாப் பொருளுக்கும் மதிப்பெண் போட்டால், எண்ணுக்கு 4 பைட் வீதம் 102 ஜிபி! இந்தப் பெருக்கலைப் போடாமலேயே இரண்டு நாள் அடுக்குகளை நோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி என்று, 2018-இல் வந்த மூல சாஸ்ரெக்கைப் போலவே ஒரு சரியான பொருளுக்கு (பயனர் அடுத்துப் பார்த்தது) ஒரே ஒரு தவறான பொருளை (அவர் பார்க்காதது) எடுத்து ஓட்டினேன். மெமரி அடங்கியது, மாடலுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. முன்வரிசைப் பொருட்கள் அத்தனைக்கும் நிகழ்தகவு 0.99-க்கு மேல். எதை முதலில் காட்டுவது?

அப்புறம் பேட்ச் முழுக்கப் பொதுவாக 256 தவறான பொருட்களை வைத்து சாம்பிள்டு சாஃப்ட்மேக்ஸுக்கு மாறினேன்; சரியான பொருளையும் அந்தத் தவறானவற்றையும் ஒன்றோடொன்று போட்டியிட வைத்து நிகழ்தகவைப் பங்கிடும் முறை அது. அதே மதிப்பெண் அட்டவணை இப்போது 26 எம்பிதான். தரவரிசையும் பிரிந்து தெரிகிறது.

மதிப்பீட்டை மட்டும் எல்லாப் பொருளையும் வைத்தே செய்கிறேன். கடைசி இடத்துக்கு மட்டும் என்பதால் 512 எம்பியில் முடிகிறது. 100 பொருட்களைப் பொறுக்கி எடுத்து அளந்தால் எண் அழகாகத்தான் வரும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.