412 லீட், 3 ஆர்டர்: விளம்பரத்தை நிறுத்துவதா, மாற்றுவதா?

தக்கலை சோலார் (கேள்வி)

வணக்கம். தக்கலையில் வீட்டு மாடிகளுக்கு சோலார் அமைத்துக் கொடுக்கிறேன். என்னோடு நான்கு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவது என்றே ஆறு ஆண்டுகள் ஓடின. 2024 பிப்ரவரியில், வீட்டு சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்த பிறகு களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை புதுப்புதுக் கடைகள் வந்துவிட்டன. நாமும் விளம்பரம் செய்யாவிட்டால் ஒதுக்கப்பட்டுவிடுவோம் என்ற பயத்தில் ஒரு டிஜிட்டல் விளம்பர நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுத்தேன்.

மூன்று மாதம் ஆகிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 54,000 ரூபாய். அவர்கள் கட்டணம் மாதம் 10,000 வீதம் 30,000. வந்த லீட், அதாவது விளம்பரத்தைப் பார்த்துப் பெயரும் எண்ணும் கொடுத்தவர்கள், 412. ஒரு லீட்டுக்கு 131 ரூபாய்தான் ஆகிறது, செலவை இரட்டிப்பாக்குங்கள் என்று அறிக்கை அனுப்பியிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த ஆர்டர் மூன்று.

விளம்பரத்தில் "உங்கள் வீட்டுக்கு இலவச மின்சாரம், 78,000 ரூபாய் மானியம்" என்று இருக்கிறது. மார்த்தாண்டத்தை மையமாக வைத்து 25 கிலோமீட்டர் சுற்றளவு கொடுத்திருக்கிறோம். படிவத்தில் பெயர், போன் எண், ஊர் மட்டும் கேட்கிறோம். அலுவலகத்தில் இருக்கும் பெண் நாள் முழுவதும் அந்த எண்களுக்குப் போன் செய்து, திட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அதைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இதை அடியோடு நிறுத்திவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோட்டாறு கணக்கர்

தம்பி, 131 என்ற எண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். மொத்தச் செலவு 84,000. ஆர்டர் மூன்று. ஆக, ஓர் ஆர்டர் கொண்டுவர 28,000 ரூபாய். 3 கிலோவாட் வேலை ஒன்றில் சரக்கும் கூலியும் போக உங்கள் கையில் எவ்வளவு நிற்கிறது? அதைச் சொன்னால்தான் லாபமா நஷ்டமா என்று பேச முடியும்.

நிறுத்துவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கி, 412 பெயரையும் எழுதி, ஒவ்வொன்றும் ஏன் ஆர்டராகவில்லை என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பெண்ணிடம் விட்டுவிடாமல் நீங்களே உட்கார்ந்து போன் செய்யுங்கள். அதே மூன்று மாதத்தில் விளம்பரம் இல்லாமல் வந்த ஆர்டர்களையும், யார் சொல்லி வந்தன என்பதோடு எழுதுங்கள். கோட்டாறு சந்தையில் எந்த வியாபாரியும் கடைக்குள் எட்டிப் பார்த்த தலைகளை எண்ணிக் கணக்கை முடிப்பதில்லை. சாயங்காலம் கல்லாவில் இருப்பதைத்தான் எண்ணுகிறார்.

மார்த்தாண்டம் விளம்பரப் பணி

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். நீங்கள் சொன்னதிலேயே மூன்று ஓட்டைகள் தெரிகின்றன.

முதலாவது, சுற்றளவு. மார்த்தாண்டத்திலிருந்து 25 கிலோமீட்டர் வட்டம் போட்டால் கேரளத்தின் பாறசாலை, வெள்ளறடை, நெய்யாற்றின்கரைப் பக்கம் எல்லாம் உள்ளே வந்துவிடும். உங்கள் பதிவு தமிழ்நாட்டு மின்வாரியத்தில்தானே? அந்த லீட்டுகளை நீங்கள் என்ன செய்ய முடியும்? எல்லைக்கு அப்பால் உள்ள இடங்களை விலக்கும் வசதி விளம்பர அமைப்பிலேயே இருக்கிறது. அதோடு படிவத்தில் பின்கோடு கேளுங்கள். 629 என்று தொடங்கினால் நம் மாவட்டம், 695 என்றால் திருவனந்தபுரம். ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, படிவத்தின் வகை. ஃபேஸ்புக் படிவத்தில் பெயரும் எண்ணும் கணக்கிலிருந்து தானாகவே நிரம்பிவிடும். எப்போதோ கொடுத்த பழைய எண்ணாகவும் இருக்கலாம். படம் பார்த்துக்கொண்டே திரையில் இரண்டு முறை தட்டி அனுப்பிவிடுகிறார்கள், நீங்கள் கூப்பிடும்போது "நான் எதற்கும் பதியவில்லையே" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நினைவில்லை. எண்ணிக்கையைக் கூட்டும் வகை, ஆர்வத்தைச் சோதிக்கும் வகை என்று படிவம் அமைக்கும்போதே தேர்வு வரும். இரண்டாவதில், அனுப்புவதற்கு முன் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு பக்கம் கூடுதலாக வரும். லீட் குறையும். குறையட்டும்.

மூன்றாவதுதான் பெரியது. "இலவச மின்சாரம்" என்பது அரசுத் திட்டத்தின் பெயரில் இருக்கிறது, ஆனால் பேனல் இலவசம் இல்லை. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 என்று மானியம், அதுவும் வேலை முடிந்த பிறகு வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் வரும். முதலில் பணம் அவர் போட வேண்டும், அல்லது கடன் எடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் இலவசம் என்று மட்டும் சொன்னால், இலவசம் தேடுகிறவர்கள்தான் வருவார்கள். லீட் மோசம் என்று மக்களைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் அழைத்தவர்கள்தான் வந்திருக்கிறார்கள்.

தக்கலை சோலார் (ஆறு நாள் கழித்து)

கணக்கர் ஐயா சொன்னபடி உட்கார்ந்து முடித்துவிட்டேன்.

137 பேர் எடுக்கவில்லை, அல்லது எண் தவறு. 58 பேர் கேரளத்தில் இருக்கிறார்கள். எல்லாம் இலவசம் என்று நினைத்தவர்கள் 83 பேர். வாடகை வீடு 46. மின்கட்டணமே மிகக் குறைவாக வரும் வீடுகள் 41. ஓட்டு வீடு, தென்னை நிழல், மாடியில் இடமில்லை என்று 16. மிச்சம் 31 பேர்தான் உண்மையில் சோலார் போடக்கூடியவர்கள்.

அந்த 31 பேரில் 9 பேர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம், மூன்று ஆர்டர் ஆனது. 13 பேர் ஏற்கெனவே வேறு ஆளிடம் போட்டுவிட்டார்கள். அவர்களில் ஓர் அம்மா, "பதிந்து நான்கு நாளாக யாரும் கூப்பிடவில்லை, அதனால் வேறு இடம் பார்த்தோம் மோனே" என்றார். அது மனதில் தைத்துவிட்டது. குப்பையைக் கிளறிக்கொண்டிருந்ததில் நல்லவர்களைக் காத்திருக்க வைத்திருக்கிறோம். மீதி 9 வீடுகளில் மகனோ கணவரோ வளைகுடாவில் இருக்கிறார், அவரிடம் கேட்க வேண்டும் என்றார்கள்.

3 கிலோவாட் வேலையில் எனக்கு நிற்பது சுமார் 22,000. அப்படியானால் விளம்பரத்தில் வந்த ஒவ்வோர் ஆர்டரிலும் 6,000 இழந்திருக்கிறேன். இதே மூன்று மாதத்தில் விளம்பரம் இல்லாமல் எட்டு ஆர்டர்: ஆறு பழைய வாடிக்கையாளர்கள் சொல்லி, இரண்டு எலக்ட்ரீஷியன்கள் சொல்லி. அவர்களுக்கு நான் ஒரு நன்றி போன்கூடச் செய்யவில்லை.

குளச்சல், இப்போது ஷார்ஜாவில்

அந்த 9 வீடுகளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என் வீடும் அப்படித்தான். படிவத்தை நிரப்புவது ஊரில் அம்மா. பணம் போடுவது நான். காலை 11 மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டு "எத்தனை கிலோவாட் வேண்டும்" என்று கேட்டால் அவருக்கு என்ன தெரியும்? "மகனிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பார். அதை மறுப்பு என்று எழுதிவிடுகிறீர்கள்.

படிவத்தில் "முடிவெடுப்பவர் வெளிநாட்டில் இருந்தால் அவருடைய வாட்ஸ்அப் எண்" என்று ஓர் இடம் வையுங்கள். எங்களுக்கு இரவு 9 மணி என்றால் ஊரில் 10.30. அந்த நேரத்தில் ஒருவர் பேசினால் பத்து நிமிடத்தில் விஷயம் முடியும். நான் போன வருடம் நான்கு பேரிடம் விசாரித்தேன். எல்லோரும் மானியத்தைப் பற்றியே பேசினார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் வீடு, உப்புக்காற்றில் பேனலைத் தாங்கும் அந்த இரும்பு ஸ்டாண்ட் எத்தனை வருடம் தாங்கும்? ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. பதில் சொல்பவருக்கு விலை கொஞ்சம் கூடுதலானாலும் கொடுத்திருப்பேன்.

ஜூலை, ஆகஸ்டில் இங்கே பள்ளி விடுமுறை. குடும்பத்தோடு நிறையப் பேர் ஊருக்கு வருவோம். கிறிஸ்துமஸுக்கும் அப்படித்தான். அதற்கு ஒரு மாதம் முன்னால் எங்களிடம் பேசத் தொடங்குங்கள்.

கருங்கல் மரக்கடை

மாற்றுக் கருத்து ஒன்று. நான் கதவு, ஜன்னல் வேலைக்கு விளம்பரம் செய்தபோது இப்படித்தான் படிவத்தில் ஒன்பது கேள்வி வைத்தேன். அந்த மாதம் எட்டே லீட். தொழிலாளிகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் ஒன்றுமே மிஞ்சாமல் போய்விடக் கூடாது.

மார்த்தாண்டம் விளம்பரப் பணி

கருங்கல் அண்ணன் சொல்வது நியாயம். ஒன்பது கேள்வி அதிகம். சோலாருக்கு நான்கு போதும்: பின்கோடு, சொந்த வீடா, இரண்டு மாத மின்கட்டணம் எவ்வளவு, மாடி எப்படிப்பட்டது. கடைசிக் கேள்வியில் ஓடு, திறந்த கான்கிரீட், மேலே ஷீட் போட்ட மாடி என்று மூன்று தேர்வு கொடுங்கள். நம் ஊரில் மழைக்கு மாடி மேல் ஷீட் போடாத வீடு குறைவு. அந்த வீடுகளுக்கு ஸ்டாண்ட் வேலை வேறு, விலையும் வேறு. முன்பே தெரிந்தால் உங்களுக்கு ஒரு பயணம் மிச்சம்.

மின்கட்டணக் கேள்விதான் உயிர். வீடுகளுக்கு முதலில் ஓடும் யூனிட்டுகளில் ஒரு பகுதி இலவசம். 200 யூனிட் ஓடும் வீட்டில் சோலார் போட்ட பணம் திரும்ப வெகு காலம் ஆகும். அவர்களிடம் உண்மையைச் சொல்லி அனுப்பிவிடுங்கள். 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளில் கட்டண விகிதமே மாறி, பில் ஒரே தாவாகத் தாவும். வலி அங்கேதான் இருக்கிறது. 1 கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் என்றால், 3 கிலோவாட் இரண்டு மாதத்தில் 700 யூனிட்டை ஒட்டித் தரும். இரண்டு மழைக்காலம் உள்ள மாவட்டம் என்பதால் ஜூனிலும் நவம்பரிலும் குறையும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் நம்பிக்கைதான் கூடும்.

இன்னொரு வழி, படிவத்துக்குப் பதிலாக நேரே வாட்ஸ்அப்புக்கு வரும் விளம்பரம். எண் உண்மையாக இருக்கும். முதல் பதிலாக, "கடைசி மின்கட்டண ரசீதையும் மாடியையும் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேளுங்கள். மாடி ஏறிப் படம் எடுத்து அனுப்புகிறவர் பொழுதுபோக்குக்கு வந்தவர் அல்ல.

உங்கள் விளம்பர நிறுவனம் இனி ஒன்று சொல்லக்கூடும்: ஆர்டர் ஆனவர்களின் தகவலை ஃபேஸ்புக்குக்குத் திருப்பி அனுப்பினால் அது அவர்களைப் போன்றவர்களைத் தேடித் தரும் என்று. உண்மைதான். ஆனால் அமைப்பு கற்றுக்கொள்ள வாரத்துக்கு 50 நிகழ்வுகளாவது தேவைப்படும். மாதத்துக்கு ஓர் ஆர்டர் வரும் கடைக்கு அது எட்டாது. இப்போதைக்கு விளம்பரத்தின் சொற்களும் படிவமும்தான் உங்கள் வடிகட்டி.

கூகுள் தேடல் விளம்பரத்தையும் சிறிதாக முயன்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இடத் தேர்வில், அந்த இடத்தில் இருப்பவர்கள் மட்டுமல்லாமல் அந்த இடத்தில் ஆர்வம் காட்டுகிறவர்களும் சேர்ந்தே வரும்படிதான் முதலில் அமைந்திருக்கும். கன்னியாகுமரி என்ற பெயருக்கு நாடு முழுவதும் ஆர்வலர்கள் உண்டு, பாதிப்பேர் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள். "இங்கே இருப்பவர்கள் மட்டும்" என்று மாற்றிவிட்டு, வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று போடுங்கள். சோலார் வேலைவாய்ப்பு, வாட்டர் ஹீட்டர், தெருவிளக்கு போன்ற தேடல்களை விலக்குச் சொற்களில் சேர்க்க மறக்காதீர்கள், அவற்றைத் தேடுகிறவர்களுக்கு உங்கள் விளம்பரம் வராது.

கோட்டாறு கணக்கர்

நிறுவனத்துக்குக் கொடுக்கும் கட்டணத்தையும் மாற்றிப் பேசுங்கள். லீட் எண்ணிக்கையைக் காட்டிச் சம்பளம் வாங்குகிறவர் லீட்டைத்தான் பெருக்குவார், அது மனித இயல்பு. ஒரு பகுதி நிலையாகவும், ஒரு பகுதி ஆர்டருக்கு இவ்வளவு என்றும் வையுங்கள். எந்த லீட் ஆர்டரானது என்ற தகவலை வாரம்தோறும் நீங்கள் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இதுவரை கொடுத்தீர்களா?

தக்கலை சோலார்

இல்லை ஐயா. ஒரு முறைகூடக் கொடுக்கவில்லை. நாளையே பேசுகிறேன்.

தக்கலை சோலார் (இரண்டு மாதம் கழித்து)

எல்லோருக்கும் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

விளம்பரத்தை மாற்றினோம். மேலே "இரண்டு மாத மின்கட்டணம் 3,000 ரூபாய்க்கு மேல் வருகிறதா?" என்று கேள்வி. கீழே, முதலில் எவ்வளவு போட வேண்டும், மானியம் எப்போது வரும் என்று இரண்டு வரி. ஷார்ஜா சகோதரரின் கேள்விக்காகவே ஒரு காணொளி எடுத்தோம்: முட்டத்தில் நான்கு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் போட்ட ஸ்டாண்டின் போல்ட்டுகளை அருகில் காட்டி, எது துருப்பிடித்தது, எதை மாற்றினோம் என்று அப்படியே சொன்னேன். அதிகம் பேர் பார்த்தது அதைத்தான்.

இரண்டு மாதத்தில் விளம்பரச் செலவு 40,000. லீட் 96. அதாவது ஒன்றுக்கு 417 ரூபாய், முன்பைவிட மூன்று மடங்குக்கும் மேல். நிறுவனத்தார் முதலில் பதறினார்கள். ஆனால் 96 பேரில் 52 பேர் உண்மையானவர்கள், 27 வீடுகளுக்குப் போனோம், 8 ஆர்டர். இப்போது அவர்களுக்கு மாதம் 6,000, ஆர்டருக்கு 2,000. எல்லாம் சேர்த்து 68,000. ஓர் ஆர்டருக்கு 8,500. கையில் 13,500 நிற்கிறது.

லீட் வந்த அரை மணி நேரத்துக்குள் போன் செய்கிறோம். வெளிநாட்டு எண்களுக்கு இரவில் நான் பேசுகிறேன். அலுவலகத்துப் பெண் நாளுக்கு இரண்டு மூன்று பேரிடம்தான் பேச வேண்டியிருக்கிறது, ஆனால் ஒவ்வொருவரிடமும் நிதானமாகப் பேசுகிறாள். போன வாரம் இரண்டு ஆர்டரை அவளே முடித்தாள்.

பழைய வாடிக்கையாளர்களுக்கு, சோலார் போட்ட பிறகு முதல் பில் வந்ததும் போன் செய்து விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். அதில் மட்டும் நான்கு ஆர்டர், ஒரு பைசா விளம்பரம் இல்லாமல்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. நிழல். படத்தில் மாடி வெறிச்சென்று இருக்கிறது, நேரில் போனால் மேற்கே பக்கத்து வீட்டுத் தென்னை நிற்கிறது. ஐந்து வீடுகளில் இப்படித் திரும்பி வந்தோம். மாலை 4 மணிக்கு ஒரு படம் தனியாகக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். யாராவது அப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

குளச்சல், இப்போது ஷார்ஜாவில்

காலை 9 மணிக்கும் ஒன்று கேளுங்கள், கிழக்கிலும் தென்னை உண்டு. காணொளியைப் பார்த்தேன். அம்மாவின் எண்ணைத் தனியே அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை வீட்டில் இருப்பார், மாடி ஏற ஏணி பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளலாம்.