பாட் ரேட்டுக்கு ‘அசைவீதம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

மென்பொருள் திரைகளைத் தமிழாக்கும் இந்த இழையில் ஒரு கருத்து வந்தது: சீரியல் போர்ட் (கணினியோடு கருவிகளைக் கம்பியால் இணைக்கும் பழைய வகை இணைப்பு) அமைப்புத் திரையில் வரும் ‘பாட் ரேட்’டை (baud rate, நொடிக்கு எத்தனை சமிக்ஞை நிலைகள் அனுப்பப்படுகின்றன என்பது) ‘பிட் வீதம்’ (நொடிக்கு எத்தனை பிட் என்பது) என்றே எழுதிவிடலாம், இரண்டும் ஒன்றுதானே என்று. அந்தத் திரைக்கு மட்டும் என்றால் ஒத்துக்கொள்வேன். சீரியல் கம்பியில் இரண்டே மின்னழுத்த நிலைகள்; ஒரு நிலைக்கு ஒரு பிட். 9600 பாட் என்றால் நொடிக்கு 9600 பிட்தான். ஆனால் அந்தக் கம்பியின் மறுமுனையில் ஒரு பழைய டயல்-அப் மோடத்தை (கணினித் தரவைத் தொலைபேசிக் கம்பியில் அனுப்பும் கருவியை) மாட்டிவிட்டால் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

தொலைபேசிக் கம்பி வழியே போவது ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான குரல் அலைகள் மட்டுமே. அதனால் நொடிக்கு எத்தனை முறை சமிக்ஞையின் நிலையை மாற்றலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வேகத்தைக் கூட்ட வழி, ஒவ்வொரு நிலையிலும் அதிக பிட்களை ஏற்றுவது. பெல் 103 மோடத்தில் 300 பாட், 300 பிட், அங்கே வம்பில்லை. வி.22 என்ற மோடம் தரத்தில் 600 பாட்தான், ஆனால் ஒரு நிலைக்கு 2 பிட் என்பதால் 1200 பிட். அதன் அடுத்த பதிப்பான வி.22 பிஸ் வந்தபோதும் அதே 600 பாட். 16 நிலைகள், நிலைக்கு 4 பிட், ஆக 2400. இதைத்தான் ஊரெல்லாம் ‘2400 பாட் மோடம்’ என்று விற்றார்கள்! 1995 ஆகஸ்ட் 15-ல் அப்போதைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது பேசப்பட்ட டயல்-அப் வேகம் 9.6 கிலோபிட். வி.32 தரத்தில் அது 2400 பாட், நிலைக்கு 4 பிட். நாம் ‘பிட் வீதம்’ என்று எழுதிவைத்தால், இந்த 2400-ஐயும் 9600-ஐயும் ஒரே கையேட்டில் எப்படிப் பிரித்துச் சொல்வது?

இன்னொரு சிக்கலும் உண்டு. பாட் என்பதே ‘நொடிக்கு ஒன்று’ என்ற வீத அலகு. பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்தது. அதோடு மறுபடியும் ‘ரேட்’ சேர்ப்பது, கப்பலின் வேகத்தை ‘மணிக்கு 20 நாட்’ என்பது போல. ஆங்கிலத்தில் பழகிவிட்ட பிழையை நாமும் ‘பாட் வீதம்’ என்று சுமக்க வேண்டுமா? வாட், ஓம், ஆம்பியர் போல அலகின் பெயரை அப்படியே விட்டுவிடுவோம். பெயர் வேண்டியது அந்த அலகால் அளக்கப்படும் பொருளுக்குத்தான்.

இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். ‘துடிப்பு வீதம்’ தந்திக்குப் பொருந்தும். ஆனால் அலையின் கட்டத்தை (phase) மாற்றி அனுப்பும் மோடத்தில் துடிப்பு என்று ஒன்று இல்லை. ‘நிலைமாற்ற வீதம்’ நெருங்கி வருகிறது. ஆனால் அடுத்தடுத்து ஒரே நிலை வந்தாலும் அவை இரண்டாகத்தான் எண்ணப்படும், மாற்றமே நடக்காவிட்டாலும். ‘குறியீட்டு வீதம்’ தவறில்லை. என்றாலும் குறியீடு என்பதை நிரல் எழுதுபவர்கள் ஏற்கெனவே வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘குறிவீதம்’ வேண்டாம். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

என் பரிந்துரை ‘அசை’. யாப்பில் அசை என்பது எழுத்துகள் சேர்ந்து ஓர் அலகாக ஒலிப்பது. ‘எழுத்து’ என்ற சொல்லை அசை பிரித்தால் எழுத்/து. முதல் அசையில் மூன்று எழுத்து, அடுத்ததில் ஒன்று. அசைகளை எண்ணுவது வேறு, எழுத்துகளை எண்ணுவது வேறு என்பது பள்ளியில் சீர் பிரித்த எவருக்கும் தெரியும். மோடம் செய்வதும் இதுதான்: சில பிட்களைச் சேர்த்து ஓர் அசையாக அனுப்புகிறது. நொடிக்கு எத்தனை அசை என்பது அசைவீதம். அதன் அலகு பாட். அசைதல் என்ற வினையும் உள்ளே இருப்பது கூடுதல் வசதி. ஒப்புமை முழுசாகப் பொருந்தாது, தெரியும்: யாப்பில் அசைக்கு அசை நீளம் மாறும், மோடத்தில் ஒரு தரத்துக்குள் மாறாது. கலைச்சொல்லுக்கு அவ்வளவு பொருத்தம் போதும்.

அப்புறம் பாட்டிலிருந்து பிட்டுக்கு மாற்றும் கணக்கை ஒரே வரியில் எழுதலாம்: பிட் வீதம் = அசைவீதம் × அசைக்கான பிட்கள். வி.32 பிஸ் என்றால் 2400 × 6 = 14,400.

உதவிப் பக்கத்தில் இன்னொரு படியும் சேர்க்க வேண்டும், ஏனெனில் பயனர் தேடுவது பெரும்பாலும் ‘நொடிக்கு எத்தனை எழுத்து’ என்பதைத்தான். 50 பாட் டெலெக்ஸில் (தட்டச்சுத் தந்தியில்) ஓர் அசை 20 மில்லிநொடி. ஓர் எழுத்துக்குத் தொடக்க அசை 1, தரவு 5, நிறுத்தம் 1.5, ஆக 7.5 அசை; 150 மில்லிநொடி. நிமிடத்துக்கு 400 எழுத்து. சீரியல் போர்ட்டில் வழக்கமான அமைப்பில் எழுத்துக்கு 10 பிட் போகிறது, தரவு 8 தான், மீதி இரண்டும் தொடக்கமும் நிறுத்தமும். ஆகவே 9600-ஐ 8-ஆல் வகுத்து 1200 பைட் என்று காட்டும் அலகு மாற்றிகள் தப்பு. 960 தான் சரி. இந்த இடத்தில் ‘எழுத்து’ யாப்பு எழுத்தில்லை, தட்டச்சில் வரும் எழுத்து. உதவிப் பக்கத்தில் யாப்பு ஒப்புமையைக் கொண்டுவராமல் விட்டால் குழப்பம் வராது.

‘கிலோ’ என்பது 1000-ஆ, 1024-ஆ என்று கேட்டிருந்தீர்கள். தொலைத்தொடர்பில் அது எப்போதும் 1000. 64 கிலோபிட் தொலைபேசித் தடம் என்றால் 64,000 பிட்: குரலிலிருந்து நொடிக்கு 8000 மாதிரி (sample), ஒவ்வொன்றும் 8 பிட். இப்படிப் பல தடங்களைச் சேர்த்து அனுப்பும் இ1 இணைப்பின் 2048 கிலோபிட்டைப் பார்த்து 2 × 1024 என்று நினைத்துவிடாதீர்கள். அது 32 தடம் × 64.

‘அசை’ மொழியியலிலும் பேச்சறிதல் மென்பொருளிலும் புழங்கும் சொல் என்ற ஆட்சேபம் வரும், நியாயமானது. அங்கே ‘பேச்சசை வீதம்’, இங்கே வெறும் ‘அசைவீதம்’ என்று பிரிக்கலாம் என்பது என் எண்ணம். பேச்சறிதல் பக்கம் வேலை செய்பவர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்களா என்று சொன்னால், திரைச் சரங்களில் மாற்றிவிடுகிறேன்.