மறு: மெய்ப்புக் கேட்டலா, செவிமெய்ப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் நூலைப் பிழை பார்த்துத் திருத்தும் வேலைக்கு 'மெய்ப்பு' என்ற ஒரே சொல் போதும், காதால் கேட்டுத் திருத்துவதற்குப் புதிதாக ஒரு சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். சில வாரம் முன்புவரை நானும் அப்படித்தான் நினைத்தேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மெய்ப்புப் பார்த்து முடித்த ஒரு நூலை, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் வழியாகவே படிக்கும் தோழி ஒருவருக்கு அனுப்பினேன். மறுநாள் அழைத்தார். "கௌதமர் என்று தேடினால் இந்த நூலில் ஒன்றுகூட இல்லை என்கிறது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அவர் வருகிறாரே!" கோப்பைத் திறந்து பார்த்தேன். கௌதமர் சரியாகத்தான் தெரிந்தார். தோழி அம்புக்குறி விசையைத் தட்டி எழுத்தெழுத்தாக ஓடவிட்டார். கெ, பிறகு ள. ஔகாரக் குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தன. கௌதமர், கெளதமர்: கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. அந்த நூலை நான் இரண்டு முறை வரிவரியாகப் படித்திருந்தேன்.

அதன்பிறகு ஒரு பக்கத்தைக் கண்ணால் பார்த்து முடித்ததும், அச்சுப் பக்கத்தின் படிமத்தை மூடிவிட்டுத் திரைவாசிப்பானில் கேட்கத் தொடங்கினேன். படிமத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி, துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பி 'பாடல்' என்பதை 'பரடல்' ஆக்கியிருந்தால், பழகிய கண் அதைப் பாடல் என்றே படித்துக்கொண்டு போய்விடும். காது போகாது. எகரத்தின் இடத்தில் தமிழ் எண் ௭ நுழைந்திருந்தாலும் அப்படித்தான். 'என்ன' என்று வர வேண்டிய இடத்தில் திடீரென்று ஏழு கேட்கும். பக்கத் தலைப்பு ஒன்று வாக்கியத்தின் நடுவில் புகுந்திருப்பதும், வரிக்கடைசியில் உடைந்த சொல் ஒட்டாமல் கிடப்பதும் கேட்கும்போதுதான் உறைக்கின்றன.

காது எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று சொல்லவில்லை. 'முந்நூறு' என்பதை யாராவது 'முன்னூறு' என்று அடித்திருந்தால் கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது. அங்கே கண்தான் வேண்டும். ஆக இவை இரண்டு தனி வேலைகள். நூல்களைத் தன்னார்வலர்கள் எழுத்தாக்கும் விக்கிமூலம் தளத்தில் ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கம் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். நல்ல முறைதான், ஆனால் அந்த இரண்டு படிகளையும் கண்ணாலேயே கடந்துவிட முடியும். காதால் செய்யும் வேலைக்கு ஒரு பெயர் இருந்தால்தான், அது நடந்ததா இல்லையா என்று கேட்கவே முடியும்.

சரி, என்ன பெயர்?

'மெய்ப்புக் கேட்டல்' என்று ஒருவர் முன்வைத்திருந்தார். முதலில் படித்தபோது மிகவும் பிடித்தது. பார்த்தலுக்கு இணையாகக் கேட்டல், கற்றுக்கொடுக்கவே வேண்டாம். ஆனால் "பதிப்பாசிரியர் மெய்ப்புக் கேட்டார்" என்று எழுதினால், அவர் காதால் கேட்டாரா, அனுப்பச் சொல்லிக் கேட்டாரா? நம் புழக்கத்தில் இரண்டாவது பொருள்தான் முந்திக்கொண்டு வரும். அதனால் மனமில்லாமல்தான் இதை விடுகிறேன்.

'பார்வையற்றோர் மெய்ப்பு' வேண்டவே வேண்டாம். வேலையின் பெயர் வேலையைச் சொல்ல வேண்டும், படிப்பவரை அல்ல. எழுத்துகளைப் பிரித்தறியச் சிரமப்படுபவரும், கையில் புத்தகத்தைப் பிடிக்க முடியாதவரும் இதே கோப்பைத்தான் கேட்கிறார்கள்.

என் முன்மொழிவு: செவிமெய்ப்பு. செவிவழி என்ற சொல் ஏற்கெனவே புழங்குவதால் அந்நியமாக இருக்காது. செவிமெய்ப்புச் செய்தல், செவிமெய்ப்பர் என்று சொல் வளரவும் செய்கிறது. 'செவிமெய்ப்புப் பார்த்தல்' மட்டும் வேண்டாம், செவி பார்க்காது.

பிரெயில் கருவியில் விரலால் படிப்பவரை இந்தச் சொல் விட்டுவிடுகிறதே என்ற மறுப்பு நேற்று வந்தது. நியாயமான மறுப்பு, இதைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். கெளதமர் பிழை விரலுக்கும் தட்டுப்படும். ஆனால் செவிமெய்ப்பு என்பது திருத்துபவர் எப்படித் திருத்துகிறார் என்பதற்கான பெயர். நூலை யார் எப்படிப் படிக்கலாம் என்பதை அது வரையறுக்கவில்லை. தலைப்புகளைக் குறியிடுவது, படங்களுக்கு விளக்கம் எழுதுவது, அடிக்குறிப்பை உரிய இடத்தில் இணைப்பது எல்லாம் சேர்ந்த முழு வேலைக்கு 'அணுகல் மெய்ப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். விரலால் செய்யும் திருத்தத்தை யாராவது முறையாகத் தொடங்கினால், அதற்கு அவர்களே பெயர் வைக்கட்டும். அந்த உரிமை அவர்களுடையது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அதுவரை என் பட்டியலில் இப்படித்தான் குறித்து வருகிறேன்: பக்கம் 12, மெய்ப்பு முடிந்தது, செவிமெய்ப்பு பாக்கி.