வண்டி ஓடும்போது ட்ரெய்லர் ஃப்ரிட்ஜில் கேஸ் எரியலாமா?

ஊர்சுற்றி: ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸ் வழியாக சையன் தேசியப் பூங்காவுக்கு, காருக்குப் பின்னால் இழுக்கும் வீட்டு ட்ரெய்லரோடு போகிறோம். கேஸ், காரின் 12 வோல்ட், வீட்டுக் கரண்ட் மூன்றிலும் ஓடும் பழைய ஃப்ரிட்ஜ். வழி நெடுக மொஹாவி பாலைவனம். குழந்தைக்குப் பால், தோசை மாவு எல்லாம் உள்ளே இருக்கும். ஓடும்போது கேஸை எரியவிடலாமா?

நெடுஞ்சாலை: தாராளமாக. இந்த வகை ஃப்ரிட்ஜ் சூட்டால்தான் குளிர்கிறது. உள்ளே இருக்கும் அம்மோனியாக் கரைசலைக் கொதிக்கவைக்க வேண்டும். 12 வோல்ட்டில் அந்த ஹீட்டர் 12 ஆம்ப், அதற்கு மேலும் இழுக்கும். காரிலிருந்து வரும் வயரோ மெல்லியது. வழியில் 12 வோல்ட் 10 ஆக இறங்கினாலே சூட்டில் முப்பது சதவீதம் போய்விடும். கேஸில் அந்தத் தொல்லை இல்லை. காற்றில் சுடர் அணைந்தாலும் வால்வு தானே மூடிக்கொள்ளும்.

சிலிண்டரை மூடு: சுடர் அணைவதா பிரச்சினை? ட்ரெய்லர் டயர் வெடித்தால், கிழிந்த ரப்பர் அடியில் போகும் கேஸ் குழாயை அடித்து உடைக்கும். பக்கத்திலேயே நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். அதே நெருப்போடு பெட்ரோல் பங்குக்குள்ளும் நுழைவீர்கள். குழந்தையோடு போகிறவருக்கு இதைச் சொல்லலாமா?

நெடுஞ்சாலை: பங்குக்குள் நுழையும் முன் அணைத்தே ஆக வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குழாய் உடைந்து கேஸ் வேகமாகப் பாய்ந்தால் சிலிண்டர் முனையிலேயே தடுக்கிற அமைப்பு இருக்கிறது.

சிலிண்டரை மூடு: பெரிய உடைப்புக்குத்தான் அது. சின்ன விரிசலில் கசிந்தால் தடுக்காது. ஐரோப்பாவில் கேம்பர் என்னும் வீட்டு வண்டிகளில் மோதலின் அதிர்ச்சியை உணர்ந்து கேஸை நிறுத்தும் ரெகுலேட்டர் வருகிறது. இவருடைய பழைய ட்ரெய்லரில் அது இருக்குமா? முதல் நாள் இரவே கரண்டில் நன்றாகக் குளிரவைத்து, கதவைத் திறக்காமல் போனால் போதும். கரண்ட் போன ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும் என்று அமெரிக்க விவசாயத் துறையே சொல்கிறது.

நெடுஞ்சாலை: அது வீட்டுச் சமையலறைக் கணக்கு, அண்ணே. கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுத்தால் 55 மைல்தான் வேக வரம்பு. வேகாஸ் 270 மைல். உங்கள் நாலு மணி நேரம் நடுப் பாலைவனத்திலேயே முடிந்துவிடும்.

சோலார் கூரை: அந்த ஃப்ரிட்ஜைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் போடுங்கள். ஓடும்போது ஏறக்குறைய 50 வாட்தான், அதுவும் விட்டு விட்டு. கூரையில் ஒரு பேனல் இருந்தால் கேஸே வேண்டாம்.

ஊர்சுற்றி: அடுத்த வருஷம் பார்க்கலாம், இப்போது கையில் பணம் இல்லை.

சிலிண்டரை மூடு: சரி, அப்படியென்றால் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து மேல் தட்டு முழுக்க அடுக்குங்கள். வழியில் வரும் பார்ஸ்டோ ஊரில் நிறுத்தி ஐஸ் வாங்கி, பாலை மட்டும் தனி ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள். சிலிண்டரை சையன் போய்த் திறந்தால் போதும்.

நெடுஞ்சாலை: எதைச் செய்தாலும் உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரம் இருந்த பாலைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். என் வண்டியில் கேஸ் எரியத்தான் செய்யும்.