ஹெல்மெட்டுக்குள் இரைச்சல்: ரோட்டுக்கும் மலைப்பாதைக்கும் ஒன்றே எடுப்பது எப்படி?

கேட்டவர்:
வண்டி ஹிமாலயன் 450. வாரக்கடைசியில் சென்னை–திருச்சி நாலுவழிச்சாலை, அங்கிருந்து கொல்லிமலை, ஜவ்வாதுமலைப் பக்கம் மண்பாதை. 80 கிமீ வேகம் தாண்டினால் காதில் ஒரே இரைச்சல். ஒரு மணி நேரத்தில் நெற்றி வலி. பீக் (நெற்றிக்கு மேலே நீளும் தொப்பி விளிம்பு) வைத்த அட்வென்ச்சர் ஹெல்மெட்டா, சாதா ஃபுல்ஃபேஸா, தாடைப் பகுதியை மேலே தூக்கித் திறக்கும் மாடுலரா? மாடல் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஹெல்மெட் கடைக்காரர்:
மாடலை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் உங்கள் தலை என்ன வடிவம் என்று பாருங்கள். நீங்கள் சொல்லும் நெற்றி வலி, இரைச்சல் இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கலாம்.

டெய்லர் டேப்பை புருவத்துக்கு மேலே இரண்டரை செமீ விட்டு, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையில் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தைச் சுற்றி எடுங்கள். மூன்று தடவை அளந்து பெரிய அளவை வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 57–58 செமீ என்றால் எம், 59–60 எல், 61–62 எக்ஸ்எல். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அட்டையைப் பார்க்கவேண்டும்.

சைஸ் பாதிக் கதைதான். மீதி, வடிவம். முடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வைத்து, நேர் மேலேயிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். முன்னிருந்து பின் நீண்ட முட்டை வடிவமா, ஏறக்குறைய உருண்டையா, இரண்டுக்கும் நடுவிலா என்று தெரிந்துவிடும். நீண்ட தலைக்காரர் உருண்டை ஷெல்லை (ஹெல்மெட்டின் கூட்டை) போட்டால் நெற்றியும் பின்மண்டையும் அழுந்தும், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் பொட்டுப் பக்கம் விரல் போகும் அளவு இடைவெளி இருக்கும். உருண்டைத் தலைக்காரர் நீண்ட ஷெல்லைப் போட்டால் பொட்டு இரண்டும் தெறிக்கும், நெற்றி லூசு.

இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். நெற்றி வலிக்கிறது என்று ஒரு சைஸ் பெரிதாக எடுப்பார்கள். வலி குறையும். ஆனால் தாடைக்கும் கழுத்துக்கும் கீழே இடைவெளி விழும், காற்று அந்த வழியாக உள்ளே ஏறும், காதில் இரைச்சல். அதனால்தான் வேர் ஒன்று என்றேன்.

கடையில் மாட்டியவுடன் 'ஓகே' சொல்லிவிடாதீர்கள். அரை மணி நேரம் போட்டுக்கொண்டு உட்காருங்கள். உட்காரவிடாத கடைக்காரர் என்றால் வேறு கடை பாருங்கள். கழற்றியதும் கண்ணாடியில் பாருங்கள். நெற்றி முழுக்கப் பரவலாகச் சிவந்திருந்தால் பரவாயில்லை. ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரே இடத்தில் செக்கச்சிவப்பாக இருந்தால் அந்த ஷெல் உங்களுக்கு ஆகாது, எவ்வளவு விலை என்றாலும். கன்னம் மட்டும் புதிதில் இறுக்கமாகத்தான் இருக்கணும்; பேசினால் கன்னச் சதை பல்லில் மாட்டும். 15–20 மணி நேரம் ஓட்டினால் கன்னத்தில் அழுந்தும் மெத்தையான சீக் பேட் அமுங்கிச் சரியாகும். ஸ்ட்ராப் போட்டு, தாடைப் பகுதியைப் பிடித்து இடம் வலமாகத் திருப்புங்கள்: கன்னத் தோலும் கூடவே நகரணும். அப்புறம் பின்பக்க அடி விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளுங்கள். கழன்று வந்தால் வேண்டாம்.

சீக் பேட் பல கம்பெனிகளில் 5 மிமீ கூடக் குறைய தனியாகக் கிடைக்கும். அதை மாற்றிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் தெர்மோகோல் மாதிரியான ஈபிஎஸ்ஸைச் சுரண்டி இடம் பண்ணுவது மட்டும் கூடவே கூடாது. அடியை வாங்குவதே அதுதான். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதையும் கடைக்குக் கொண்டுபோங்கள். காம்பு நேராக, மெல்லியதாக இருந்தால் பேடுக்குள் நுழையும், வளைந்த காம்பு காதுக்கு மேலே குத்தும்.

நெடுஞ்சாலைப் பயணி:
இரைச்சல் விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

60, 65 கிமீயைத் தாண்டினால் இன்ஜின், சைலன்சர் சத்தமெல்லாம் அடங்கி, காற்றுச் சத்தம்தான் ஆள்கிறது. 100 கிமீயில் ஹெல்மெட்டுக்குள் 95, 100 டெசிபல் என்பது சாதாரணம். அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷின் கணக்குப்படி 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம். அதற்குமேல் 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான். திருச்சி போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் காதில் 'ங்ஙொய்' என்று கேட்கிறதே, அது களைப்பு இல்லை, காது அடிவாங்கியதன் அடையாளம்.

'சத்தமே வராத ஹெல்மெட்' என்று ஒன்று கிடையாது. ஷூபெர்த் சி5க்கு 100 கிமீயில் 85 டெசிபல் என்று கம்பெனி சொல்கிறது. அது காற்றை ஊதிச் சோதிக்கும் விண்ட் டனலில், விண்ட்ஷீல்டு இல்லாத வண்டியில் அளந்தது. உங்கள் வண்டியின் விண்ட்ஷீல்டு காற்றைச் சுருட்டி நேராக நெற்றியில் அடித்தால் அதே ஹெல்மெட்டும் அலறும்.

ஆகவே புது ஹெல்மெட்டுக்குக் காசு எடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஆள் நடமாட்டமில்லாத நேர் ரோடு, காற்று அதிகம் வீசாத விடியற்காலை, 80 கிமீ. உட்கார்ந்தபடி சத்தத்தைக் கவனியுங்கள். அப்புறம் ஃபுட்பெக்கில் எழுந்து நில்லுங்கள், தலை விண்ட்ஷீல்டு காற்றுக்கு மேலே போகட்டும். எழுந்ததும் சத்தம் சீராகி, தலை ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி விண்ட்ஷீல்டு. எழுந்தும் அதே இரைச்சல் என்றால் ஹெல்மெட்.

ஹெல்மெட்தான் என்று தெரிந்தால், மாஸ்கிங் டேப் ஒரு ரோல் வாங்குங்கள். அதே ரோடு, அதே வேகம். முதல் சுற்றில் நெற்றி வென்டை (காற்றுத்துளையை) மட்டும் ஒட்டி மூடுங்கள். அடுத்ததில் தாடை வென்ட். அடுத்து முகக் கண்ணாடியான வைசரின் மேல் விளிம்பு, பிறகு பீக் சேரும் இடம், கடைசியாக ஓட்டும்போது பேசிக்கொள்ள மாட்டும் இன்டர்காமின் கிளாம்ப். ஒரு நேரத்தில் ஒன்றுதான். மொத்தமாக ஒட்டினால் எது என்று தெரியாது. விசில் மாதிரி மெல்லிய சத்தம் பெரும்பாலும் வென்ட் மூடி அல்லது வைசர் விளிம்பிலிருந்து வரும். 'உர்ர்' என்று கனத்த சத்தம் கழுத்தடியிலிருந்து.

வைசருக்கு வேறொரு சோதனை இருக்கிறது, வீட்டிலேயே செய்யலாம். பெட்ரோல் பங்க் ரசீது மாதிரி ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பர் பீடிங்குக்கும் வைசருக்கும் நடுவில் வைத்து மூடி இழுங்கள். பிடித்துக்கொண்டு வரணும். ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. நிறைய ஹெல்மெட்டுகளில் வைசர் உட்காரும் பக்கத் தகட்டின் ஸ்க்ரூவை அரைச்சுற்று தளர்த்தி, வைசரை மூடி, உள்ளங்கையால் பின்னால் அழுத்திப் பிடித்தபடியே இறுக்கினால் சரியாகும். ரப்பர் காய்ந்திருந்தால் சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டு விரலில் தொட்டுத் தடவலாம். தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40 எல்லாம் வேண்டாம்.

கழுத்தடிக்கு மலிவான மருந்து: தாடைக்குக் கீழே மாட்டும் சின் கர்ட்டன், அதோடு கழுத்தில் மெல்லிய துணிக் குழாய் மாதிரியான பஃப். பஃபை ஹெல்மெட்டின் அடி விளிம்புக்குள் கொஞ்சம் செருகிக்கொண்டால் கனத்த இரைச்சல் உடனே இறங்கும். வெயிலில் புழுங்கும், அதற்கு வழியில்லை.

இத்தனைக்கும் மேலே, இயர்பிளக். மஞ்சள், ஆரஞ்சு ஃபோம் பிளக் ஜோடி சில பத்து ரூபாய்தான். 3எம் 1100 பாக்கெட்டில் எஸ்என்ஆர் (எத்தனை டெசிபல் குறைக்கும் என்ற அளவு) 37 என்று இருக்கும். காதில் அதில் பாதி கிடைத்தாலே 100 டெசிபல் 80-க்குப் பக்கத்தில் வந்துவிடும். எந்த ஹெல்மெட்டும் இந்த அளவு குறைக்காது. 'போட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை' என்பவர்கள் முக்கால்வாசிப் பேர் சரியாகச் செருகாதவர்கள். சுத்தமான விரலால் சுருக்கமில்லாமல் மெல்லிய குச்சி மாதிரி உருட்டுங்கள். எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் காதுத் துளை நேராகும். உள்ளே விட்டு, 30 விநாடி விரலால் பிடித்திருங்கள், விரியும் வரை. வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். லாரி ஹாரன் கேட்காதோ என்று பயம் வேண்டாம், காற்றிரைச்சலும் சேர்ந்தே குறைவதால் ஹாரன் தெளிவாகவே கேட்கும். இன்டர்காம் பேச்சும் அப்படித்தான்.

மண்பாதைக்காரர்:
பீக் பற்றி யாரும் சொல்லவில்லையே.

பீக் அழகுக்கு வைத்ததில்லை. மாலை வெயில் நேர் எதிரில் இருக்கும்போது தலையைக் கொஞ்சம் குனிந்தால் போதும், நிழல் விழும். முன்னால் போகும் வண்டி தெறிக்கும் கல், முள் கிளை எல்லாவற்றையும் அதுதான் முதலில் வாங்கும். ஆனால் 90-க்கு மேலே அதுவே பாய்மரம். பக்கவாட்டில் பார்க்கத் தலையைத் திருப்பும் நொடியில் காற்று பிடித்துக் கழுத்தை இழுக்கும். ஜூன், ஜூலையில் ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே, பெரிய பீக்கோடு போய்ப்பாருங்கள், புரிந்துவிடும்.

அதனால் பீக்கைக் கழற்ற முடிகிற, கழற்றியபிறகும் வைசர் அப்படியே வேலை செய்கிற ஹெல்மெட்டாகப் பாருங்கள். அராய் டூர்-எக்ஸ், ஷோயி ஹார்னெட் ஏடிவி மாதிரி விலை கூடியவற்றில் அந்த வசதி உண்டு, நம்மூர் விலையில் வருவதிலும் பலவற்றில் உண்டு. சிலவற்றில் பீக்கைக் கழற்றினால் ஸ்க்ரூ ஓட்டை திறந்தபடி நிற்கும், அதுவே விசிலடிக்கும். அடைக்கும் மூடி பெட்டியில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

எடை: 1,350–1,500 கிராமுக்குள் இருந்தால் நல்லது. 200 கிராம் வித்தியாசம் தார் ரோட்டில் தெரியாது. நின்றுகொண்டு கல்லும் குழியுமாக 20 கிமீ போனால் கழுத்து சொல்லும். மாடுலர் பெரும்பாலும் 1,600–1,800 கிராம். போதாததற்கு மண்பாதைப் புழுதி அந்தத் தாடைக் கொக்கியில் போய் உட்கார்ந்து, பொத்தான் சிக்கும். டவுனில் நிறுத்திப் பேசவும், டீ குடிக்கவும் மாடுலர் சொகுசு, மறுக்கவில்லை. மலைக்கு என் ஓட்டு அதற்கில்லை.

வென்ட் எத்தனை என்று எண்ணாதீர்கள். கடையிலேயே வென்டில் வாயை வைத்து ஊதி, உள்ளே கையை வைத்துப் பாருங்கள். காற்று கையில் படவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் அலங்காரம், ஈபிஎஸ்ஸில் துளையே இருக்காது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: காற்று நன்றாக ஓடும் ஹெல்மெட் அமைதியாகவும் இருக்காது. மே மாத வேலூர் வெயிலுக்கு நான் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு காற்றைத்தான் எடுப்பேன், இயர்பிளக் இருக்கவே இருக்கிறது.

கேட்டவர்:
நின்று பார்த்தேன் அண்ணே. எழுந்ததும் இரைச்சல் பாதியாகக் குறைகிறது. அப்போ விண்ட்ஷீல்டா?

நெடுஞ்சாலைப் பயணி:
அதேதான். விண்ட்ஷீல்டின் மேல் விளிம்பிலிருந்து சுருண்டு வரும் காற்று உங்கள் வைசர் உயரத்தில் மோதுகிறது. இரண்டு வழி. உயர்த்தி, காற்று தலைக்கு மேலே போகும்படி செய்வது; இல்லை குட்டையாக்கி, நெஞ்சில் பட்டுத் தலைக்குச் சுத்தமான காற்று வரும்படி செய்வது. நடுவில் நிற்பதுதான் மோசம். முதலில் விண்ட்ஷீல்டைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள், செலவே இல்லை. சத்தம் சீரானால் குட்டை ஷீல்டு போதும். நெஞ்சில் காற்று தாங்கவில்லை என்றால் ஷீல்டின் மேலே கிளிப்பில் மாட்டும் சின்னத் தகடான டிஃப்ளெக்டரை 2 செமீ 2 செமீயாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். இன்னொன்று, ஷீல்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் 10 மிமீ ஸ்பேசர் வைத்தால் அடியிலிருந்து கொஞ்சம் காற்று பின்பக்கம் ஏறி, சுழல் தளரும். போல்ட்டும் அதே அளவு நீளமாக வாங்கணும், பழைய போல்ட்டில் இரண்டு மரை மட்டும் பிடித்தால் குலுங்கலில் கழன்றுவிடும்.

ஊட்டிப் பக்கத்து உறுப்பினர்:
மழைக்கும் பனிக்கும் ஒரு வரி. ஆவி படியாமல் தடுக்க வைசருக்கு உள்பக்கம் மாட்டும் லென்ஸ்தான் பின்லாக்; வைசரில் அதற்கான குமிழ் இருக்கிறதா பாருங்கள். லென்ஸில் 70, 120 என்று எண் இருக்கும். எண் கூடினால் ஆவி படிவதை அதிக நேரம் தாங்கும். மாட்டியபிறகு சிலிக்கோன் விளிம்பு சுற்றிலும் வைசரில் பதிந்திருக்கணும். பதியாத இடத்தில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஆவி புகுந்துகொள்ளும். குமிழைத் திருப்பினால் இறுக்கம் மாறும். அந்த லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் சட்டென விழும்.

ஹெல்மெட் கடைக்காரர்:
முத்திரை விஷயம் ஒன்று பாக்கி. 2021 ஜூன் 1 முதல் இந்தியாவில் விற்கிற ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், தரம் ஐஎஸ் 4151. அதோடு ஐரோப்பாவில் பயன்படும் தரமான ஈசிஈ 22.06-ம் இருந்தால் நல்லது, பழைய 22.05-ல் இல்லாத சாய்வான மோதல் சோதனை அதில் உண்டு, தலை சுழலும் வேகத்தையும் அளக்கிறார்கள். மாடுலர் எடுத்தால் ஈசிஈ லேபிளில் பி/ஜே என்று இருக்கிறதா பாருங்கள். மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் சோதனை செய்தது என்று அர்த்தம். வெறும் ஜே என்றால் தாடைப் பகுதியை நம்பாதீர்கள்.

தயாரித்த மாதமும் வருஷமும் ஸ்ட்ராப்பிலோ லைனருக்கு அடியிலோ இருக்கும். ஆஃபர் விலையில் கிடைப்பது நாலு வருஷம் கிடங்கில் கிடந்ததாக இருக்கலாம். வாங்கியபிறகு வண்டியின் பக்கக் கண்ணாடிக் காம்பில் ஹெல்மெட்டைத் தொங்கவிடாதீர்கள், காம்பு முனை ஈபிஎஸ்ஸில் பள்ளம் போடும். லைனரை பேபி ஷாம்பூ போட்டு வெதுவெதுப்பான நீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும்.

மண்பாதைக்காரர்:
பீக் ஸ்க்ரூ ஒரு செட் கூடுதலாக வாங்கி டேங்க் பேகில் போட்டுவையுங்கள் தம்பி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசியில் ஒன்று கழன்று விழுந்தால் மலைமேல் ஊரான செம்மேட்டில் கிடைக்காது.